தேவனை விட்டு விலகிய ஜனத்துக்கு நேரிடுவது என்ன? வேதபாட வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் சபையில் புதன்கிழமை மாலைதோறும் நடக்கும் வேதபாட வகுப்பில், இந்த ஆண்டு எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறோம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், காசிமேட்டில் மீன் விற்கும் அக்காமார், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று முப்பது பேர் வரை வருகிறார்கள். ஒரு ஜனம் தன் தேவனை விட்டு விலகினால் அதற்கு என்ன நேரிடும் என்பதே அந்தப் புத்தகத்தின் உயிர்நாடி என்பதால், கேள்விகளும் அதைச் சுற்றியே வந்தன. சில எழுந்து நின்று கேட்கப்பட்டவை. சில வகுப்பு முடிந்த பின் மடித்த துண்டுச்சீட்டாக என் கையில் வைக்கப்பட்டவை. வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களை, அங்கே நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

தேவனை விட்டு விலகுவது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் இருப்பதா?

அதுவும் ஓர் அடையாளமாக இருக்கலாம், ஆனால் எரேமியா அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் பிரசங்கித்த நாட்களில் எருசலேம் ஆலயத்தில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. 7-ஆம் அதிகாரத்தில் அவர் ஆலய வாசலிலேயே நின்று, “கர்த்தரின் ஆலயம்” என்று மூன்று முறை அடுக்கிச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொண்டவர்களைப் பார்த்து, திருடி, கொலை செய்து, பொய்யாணை இட்டுவிட்டு இங்கே வந்து நின்றால் தப்பிவிடுவீர்களா என்று கேட்கிறார். ஆலயத்துக்குள் நின்றுகொண்டே ஒரு ஜனம் தேவனை விட்டு வெகுதூரம் போய்விட முடியும் என்பதுதான் அந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் அச்சுறுத்தும் செய்தி.

விலகல் என்றால் என்ன என்பதை 2-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனம் சொல்கிறது. ஜனங்கள் செய்தது இரண்டு தீமைகள்: ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய தேவனை விட்டார்கள், தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள். யூதேயா மலைநாட்டில் மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்யும். கோடை முழுவதும் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே அங்குள்ளவர்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உள்ளே சாந்து பூசி, மழைநீரைத் தேக்கி வைத்தார்கள். பூச்சில் வெடிப்பு விழுந்தால் பல நாள் உழைப்பும் ஒரு வருடத் தண்ணீரும் பாறைக்குள் போய்விடும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தரைக்கு அடியில் கட்டும் தொட்டியை நாங்கள் ‘சம்ப்’ என்போம். 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோய், தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடங்களோடு காத்திருந்த நாட்களில், இரவில் எங்கள் சம்பில் நிரப்பிய தண்ணீர் விடியற்காலையில் ஒரு சாண் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டார் எடுக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். சில மாதங்கள் கழித்துப் பருவமழை தொடங்கியதும் குழாய்த் தண்ணீர் இலேசாக நாறத் தொடங்கியது. கொத்தனார் சம்பை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி, மூலையில் பூச்சைக் கொத்தி எடுத்தபோது, தலைமயிர் அளவு கனத்தில் ஓர் ஈரமான கறுப்புக் கோடு தெரிந்தது. அதற்கு நேர் வெளியே சாக்கடைக் குழாய் போகிறது. கோடையில் நல்ல தண்ணீரை வெளியே விட்ட அதே கோடுதான் மழைக்காலத்தில் சாக்கடையை உள்ளே விட்டிருந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் எரேமியாவின் அந்த வசனம் எனக்கு முழுமையாக விளங்கியது. தேவனுக்குரிய இடத்தில் பணத்தையோ, ஜாதியையோ, ஆட்சியாளரையோ, தன் சொந்தத் திறமையையோ வைக்கும் ஜனம் நன்மையை இழப்பதோடு நிற்பதில்லை. முன்பு வெளியே இருந்த அழுக்கு அந்தப் பிளவின் வழியாகவே உள்ளே வந்து, குடிக்கும் தண்ணீரோடு கலந்துவிடுகிறது.

அப்படியானால் தேவன் தண்டிப்பதில்லை, எல்லாம் தானாகவே நடக்கிறது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. அதே 2-ஆம் அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தில், உன் தீமையே உன்னைத் தண்டிக்கும் என்று தேவனே சொல்கிறார். ரோமர் 1-ஆம் அதிகாரத்தில், தேவனை அறிந்தும் அவரை மகிமைப்படுத்தாத மனிதரைக் குறித்துப் பவுல் மூன்று முறை ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிறார்: தேவன் அவர்களை ‘ஒப்புக்கொடுத்தார்’. அவர்கள் எதை விரும்பினார்களோ அதன் கையிலேயே அவர்களை விட்டுவிட்டார் என்பது அதன் பொருள். தீமை தன் விளைவைத் தானே சுமந்துகொண்டு வருகிறது என்பதும், அந்த விளைவைத் தடுத்துக்கொண்டிருந்த கையைத் தேவன் எடுத்துக்கொள்கிறார் என்பதும் ஒரே நியாயத்தீர்ப்பின் இரண்டு பக்கங்கள். எருசலேமை அழித்த பாபிலோன் படை தற்செயலாக வந்துவிடவில்லை. வேதம் அதைத் தேவனுடைய செயல் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது, அதை நான் மென்மையாக்கிச் சொல்ல மாட்டேன்.

‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த ‘நின்று’ என்ற சொல்லை வகுப்பில் நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். எரேமியா அழைக்கப்பட்டது யோசியா அரசனின் 13-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 627-இல், எருசலேம் விழுந்தது கி.மு. 586-இல். இடையில் நாற்பது ஆண்டுகள் தேவன் நின்றார். அவர் அடிக்கக் காத்திருந்ததாக நான் எண்ணவில்லை, ஜனம் திரும்பி வரக் காத்திருந்தார். அந்த நாற்பது ஆண்டுகளின் முடிவில் பிரபுக்கள் எரேமியாவைப் பிடித்து மல்கியாவின் துரவில் கயிறுகட்டி இறக்கினார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளை மட்டுமே இருந்தது. அவர் அதில் அமிழ்ந்தார் என்று 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தத் துரவும், 2-ஆம் அதிகாரத்தின் தொட்டியும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். உங்கள் தொட்டிகளில் தண்ணீர் நிற்காது என்று இளமையில் எச்சரித்தவரை, முதுமையில், தண்ணீர் இல்லாத ஒரு தொட்டிக்குள்ளேயே போட்டார்கள். நகரத்தின் நிலைமையைச் சொல்ல வேறு சாட்சி தேவைப்படவில்லை.

‘ஜனம்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்? நம் தெருவில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்களே?

இந்தக் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பெரிய தீமைகள் நடந்திருப்பதால் கவனமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். தீர்க்கதரிசிகள் ‘விலகிப் போனீர்கள்’ என்று சொன்னது, தேவனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஜனத்தைப் பார்த்துத்தான். ஆமோஸ் தன் புத்தகத்தைத் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை நாடுகளிலிருந்து தொடங்குகிறார். அவர்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டுகளோ போரில் காட்டிய கொடுமை, மனிதர்களைச் சிறையாக்கி விற்றது போன்றவை. கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் தலையசைத்திருப்பார்கள். பிறகு அவர் தெற்கு அரசான யூதாவிடமும், கடைசியாக வடக்கு அரசான இஸ்ரவேலிடமும் வந்து, அவர்களிடம்தான் அதிக நேரம் நிற்கிறார். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்று பேதுருவும் எழுதுகிறார்.

ஆகவே இந்தப் பக்கத்தில் ‘ஜனம்’ என்பது கிறிஸ்துவின் பெயரைத் தரித்திருக்கும் நாம். தண்ணீர் குறைந்ததும் பக்கத்து வீட்டாரைச் சந்தேகித்த என்னைப் போல, நாட்டின் சீர்கேட்டுக்கெல்லாம் மற்ற மதத்தாரைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் தங்கள் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, முதலில் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தவர்கள் பள்ளிவாசல் இளைஞர்கள். அன்று எங்கள் ஆலயக் கதவு பூட்டியிருந்தது.

சுனாமி தேவனுடைய தண்டனை என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அது உண்மையா?

இல்லை, அப்படிப் பிரசங்கித்தவர் கர்த்தருடைய வார்த்தைக்கு விரோதமாகப் பேசினார் என்று நான் நம்புகிறேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் கடற்கரைக் குப்பங்களில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை போனவர்கள் கடற்கரையிலேயே மாண்டார்கள். தாய் கையிலிருந்த குழந்தையை அலை பறித்துக்கொண்டு போனதைப் பார்த்த ஒருவரிடம் போய், இது உங்கள் பாவத்துக்கான கூலி என்று சொல்ல எந்த வேதவசனமும் நமக்கு அதிகாரம் தரவில்லை.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் ஏறத்தாழ இதே கேள்வி வருகிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். அதோடு, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்றும் சொல்கிறார். இறந்தவர்களின் பாவத்தை எண்ணிப் பார்க்க வந்தவர்களை, உயிரோடிருக்கும் தங்கள் நிலைமையை எண்ணிப் பார்க்கும்படி அவர் திருப்பி அனுப்புகிறார். யோபுவின் நண்பர்களும் துன்பத்தில் இருந்தவனுக்குப் பாவக்கணக்கு எழுதினார்கள். நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று தேவன் அவர்கள்மேல் கோபம் கொண்டார்.

ஒரு ஜனம் தீர்க்கதரிசியின் எச்சரிப்பைப் பல ஆண்டுகள் கேட்டு, அதைத் தள்ளி, அந்த எச்சரிப்பு சொன்னபடியே அழிவது வேறு. நிலநடுக்கம் எழுப்பிய அலையில் நல்லவரும் கெட்டவரும் குழந்தைகளும் ஒன்றாக மடிவது வேறு. முதலாவதை வேதம் நமக்கு விளக்குகிறது. இரண்டாவதற்கு முன் நாம் செய்ய வேண்டியது அழுவதும், சோறு பொங்குவதும், படகைப் பழுதுபார்க்கப் பணம் சேர்ப்பதும்தான்.

விலகலின் விளைவு முதலில் எங்கே தெரியும்?

ஏழையின் வீட்டில் தெரியும். ஓசியா 4-ஆம் அதிகாரம் முதலில் சொல்வது, தேசத்தில் உண்மை இல்லை, இரக்கம் இல்லை, தேவனை அறிகிற அறிவு இல்லை என்பது. உண்மையும் இரக்கமும் போய்விட்ட இடத்தில் பலமுள்ளவனுக்கு உடனே எந்த நஷ்டமும் வராது. பலமில்லாதவன்தான் முதலில் விழுவான். ஆமோஸ் பார்த்த சமாரியாவில் ஒரு ஜோடு பாதரட்சைக்காக ஏழையை விற்றார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்து, அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள். அவர்கள் ஓய்வுநாளை ஆசரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் சபையிலேயே தண்டல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இந்தக் கேள்வி பெயர் எழுதாத சீட்டில் வந்தது. அதை எழுதியவருக்குத் தெரியட்டும், அந்தச் சீட்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தண்டல் என்பது நாள் வசூல் கடன். 10,000 ரூபாய் கடன் என்று பேசி, முதலிலேயே வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். கையில் வந்தது 8,500 ரூபாய் என்றால், 1,500 ரூபாய் வட்டி மூன்று மாதத்துக்குச் சற்றே கூடுதலான காலத்துக்குத்தான். அதுவும் அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு. மீன் கூடை வாங்கவும், பள்ளிக் கட்டணம் கட்டவும், பிரசவச் செலவுக்கும் வேறு வழியில்லாதவர்கள் இதை வாங்குகிறார்கள். ஒருநாள் வேலை இல்லாவிட்டால் அடுத்த தண்டல்காரரிடம் வாங்கி முதலாமவருக்குக் கட்டுவார்கள். அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் மாலை ஆறு மணிக்குச் சிறு நோட்டுப் புத்தகத்தோடு வண்டிகள் சந்துகளுக்குள் நுழைவது நிற்கவில்லை.

சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமமும் லேவியராகமமும் உபாகமமும் கட்டளையிடுகின்றன. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனமும் அதே பாவத்தில் விழுந்ததை நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்: வயலை அடகு வைத்து, பிறகு பிள்ளைகளையே அடிமைகளாக்கும் நிலைக்கு வந்தவர்கள் கூக்குரலிட்டார்கள். நெகேமியா அப்போது, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன் பெயரையும் சேர்த்துச் சொல்லி, வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். வயல்களையும் வீடுகளையும் திரும்பக் கொடுக்கச் செய்கிறார். எங்கள் சபையில் இதைப் பற்றிப் பேசாததற்குக் காரணம், காணிக்கைப் பையில் விழும் பெரிய நோட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லாததுதான். மூப்பர் குழுவில் நானும் இருக்கிறேன், அந்த மௌனத்தில் எனக்கும் பங்கு உண்டு. கடந்த மாதக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். வட்டியில்லாச் சிறு கடனுக்கென்று ஒரு நிதி தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெபத்தை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் என் தொழில் நன்றாகத்தான் வளர்கிறது. அப்படியானால் விளைவு எங்கே?

வேதத்தில் விலகலுக்கு மிக அருகில் நிற்பது வறுமை அல்ல, செழிப்பு. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது உன் தேவனை மறவாதபடி எச்சரிக்கையாயிரு என்று உபாகமம் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. இஸ்ரவேலின் அரசன் இரண்டாம் யெரொபெயாம் தலைநகர் சமாரியாவில் 41 ஆண்டுகள் அரசாண்டான். எல்லை விரிந்தது, வணிகம் பெருகியது, ஆமோஸ் கண்டிக்கும் தந்த வேலைப்பாடுள்ள வீடுகள் எழுந்தன; அந்த வகைத் தந்தத் துண்டுகள் 20-ஆம் நூற்றாண்டில் சமாரியாவைத் தோண்டியபோது மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அவன் இறந்து ஒரு தலைமுறைக்குள், கி.மு. 722-இல், மூன்று ஆண்டு முற்றுகைக்குப் பின் சமாரியா அசீரியாவிடம் விழுந்தது. 27,290 பேரைச் சிறைபிடித்ததாக அசீரிய அரசன் சர்கோன் தன் கல்வெட்டில் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறான்.

உங்கள் தொழில் வீழும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு எந்த வெளிப்பாடும் இல்லை. ஆகாய் தீர்க்கதரிசி பொத்தலான பையில் கூலியைப் போடுகிறவனைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பையில் பணம் விழும் ஓசை அவனுக்குத் தினமும் கேட்கிறது. இந்த வளர்ச்சியில் உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை மட்டும் இன்று இரவு எண்ணிப் பாருங்கள்.

மண்ணும் கடலும்கூடப் பாதிக்கப்படும் என்று வேதம் சொல்கிறதா?

சொல்கிறது. ஓசியா 4-ஆம் அதிகாரத்தில், பொய்யும் கொலையும் களவும் பெருகியதால் தேசம் புலம்பும், மிருகங்களும் பறவைகளும் சமுத்திரத்தின் மீன்களும் வாரிக்கொள்ளப்படும் என்று இருக்கிறது. இதைக் கவிதை நடை என்று நான் இளமையில் கடந்துபோனதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தபோது, எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரரோடு அங்கே போயிருந்தேன். படகின் விளிம்பும் வலையும் அலையாத்திச் செடிகளின் வேர்களும் ஒரே கறுப்பாக இருந்தன. மீனவர்கள் பக்கெட்டால் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சகோதரர் என் கையைப் பிடித்து வலைமேல் வைத்தார். விரலில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை. மறுநாளும் சாப்பிடும்போது அந்த வாடை இருந்தது.

அந்த மீனவர்கள் பாவம் செய்ததால் மீன் செத்தது என்று யாரும் இதைத் திரித்துவிடக் கூடாது. பேராசைக்கு முன் உண்மை விழும்போது, அந்தக் கடனை மண்ணும் நீரும் அவற்றை நம்பி வாழ்கிறவர்களும் கட்ட வேண்டியிருக்கிறது என்பதே ஓசியாவின் செய்தி. யூதா சிறைப்பட்ட நாட்களில் தேசம் தன் ஓய்வுநாள்களை அனுபவித்தது என்று 2 நாளாகமத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு கொடு என்ற கட்டளையை மனிதர் மதிக்காதபோது, நிலத்தின் பக்கம் நின்று தேவனே அந்தக் கணக்கை வைத்திருந்தார்.

பெற்றோர் விலகியதற்குப் பிள்ளைகள் சாபத்தைச் சுமப்பார்களா?

விளைவைச் சுமப்பார்கள், குற்றத்தைச் சுமக்க மாட்டார்கள். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழி எருசலேமில் வழங்கி வந்தது. அதை இனிச் சொல்லக் கூடாது, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் தேவன் சொல்கிறார். குடிகாரத் தகப்பனின் மகன் பசியோடு படுக்கிறான், பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான், அது விளைவு. ஆனால் அவன் தேவனுக்கு முன் நிற்கும்போது தகப்பனின் கணக்கு அவன் கையில் இருக்காது. பரம்பரைச் சாபத்தை முறிக்கிறேன் என்று சொல்லி விசேஷ ஜெபத்துக்குக் காணிக்கை கேட்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். சிலுவையில் முடிந்துபோன ஒன்றை அவர்கள் தவணை முறையில் விற்கிறார்கள்.

நாம் விலகிக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கே தெரியுமா?

பல வேளைகளில் தெரியாது. கர்த்தர் தன்னை விட்டு விலகியதை அறியாமலே சிம்சோன், எப்போதும் போல உதறிக்கொண்டு போவேன் என்று எழுந்தான். எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் தேவமகிமை ஒரே நாளில் பறந்துவிடவில்லை: கேருபீன் என்னும் சிறகுள்ள தூதரிடத்திலிருந்து ஆலயத்தின் வாசற்படிக்கு வருகிறது, பிறகு கிழக்கு வாசலில் நிற்கிறது, பிறகு நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலையின்மேல் போய் நிற்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நிற்கிறது. போக மனமில்லாத ஒருவர் வாசலிலும் தெருமுனையிலும் நின்று திரும்பிப் பார்ப்பதைப் போல அந்த அதிகாரங்களை நான் வாசிக்கிறேன். உள்ளே இருந்தவர்களோ வழிபாட்டை நடத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நல்ல தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

யோசியாவைவிட நல்ல அரசன் யூதாவுக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 622-இல் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புத்தகம் கண்டெடுக்கப்பட்டது. ஆலயத்துக்குள்ளேயே அது காணாமற்போயிருந்தது! அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு அழுதான், நாடெங்கும் விக்கிரகங்களை அகற்றினான். ஆனால் யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை, கள்ளத்தனமாய்த் திரும்பினாள் என்று எரேமியா எழுதுகிறார். கி.மு. 609-இல் மெகிதோவில் யோசியா இறந்தான். அடுத்த 23 ஆண்டுகளில் நகரம் சாம்பலாயிற்று. மேலிருந்து சட்டம் போட்டு விக்கிரகத்தை உடைக்கலாம். இருதயத்தைத் திருப்ப அரசனால் ஆகாது.

சொல்லப்பட்ட அழிவு தவிர்க்கப்பட்ட உதாரணம் உண்டா?

உண்டு, அசீரியரின் நகரமான நினிவே. நாற்பது நாள் கெடு கொடுக்கப்பட்டது, அவர்கள் திரும்பினார்கள், அழிவு வரவில்லை. அது அவர்களை எச்சரிக்கப் போன தீர்க்கதரிசி யோனாவுக்கு வருத்தமாக இருந்தது, தேவனுக்கு அல்ல.

எல்லாம் கைமீறிப் போன பிறகு நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா?

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோன் படை நகரத்தைச் சூழ்ந்திருக்கிறது. நகரம் பிடிபடும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது அவருடைய தகப்பனின் சகோதரருடைய மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை முகாமிட்டிருக்கும் நாட்டில் நிலத்துக்கு என்ன விலை இருக்கும்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளைக் கையெழுத்துப் போடச் செய்கிறார், முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த நகலையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, வெகுநாள் இருக்கும்படி அவற்றை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்று தேவன் சொல்லியிருந்தார். அந்த வாக்கை நம்பித் தன் கைப்பணத்தைப் போட்டவர், நாற்பது ஆண்டுகள் அழிவை அறிவித்த அதே மனிதர். கி.மு. 538-இல் பாபிலோனை வென்ற பெர்சிய அரசன் கோரேஸ் அனுமதி கொடுத்து முதல் கூட்டம் திரும்பியபோது அவர் உயிரோடு இல்லை.

நான் சபையை விட்டு 11 வருடங்கள் ஆகின்றன. எப்படித் திரும்பி வருவது?

இதுவும் சீட்டில் வந்த கேள்விதான், ஆனால் கீழே ஒரு கைப்பேசி எண் இருந்ததால் நேரில் பேச முடிந்தது. அந்தச் சகோதரி, முதலில் ஒரு சாட்சி சொல்ல வேண்டுமா, விட்டுப்போன தசமபாகத்தைக் கட்ட வேண்டுமா, போதகரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றும் தேவையில்லை அம்மா என்றேன். மல்கியாவின் துரவில் கிடந்த எரேமியாவை எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன் முப்பது பேரோடு வந்து தூக்கிவிட்டான். கயிறு அறுக்காமலிருக்கப் பழந்துணிகளை முதலில் கீழே இறக்கி, இவற்றை உம்முடைய அக்குள்களில் வைத்துக்கொள்ளும் என்று சொன்னான். தூக்குகிறவர்களின் வேலை அவ்வளவு மென்மையானதாக இருக்க வேண்டும், கிடக்கிறவரின் வேலை கயிற்றைப் பிடித்துக்கொள்வது மட்டுமே.

வகுப்பு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. முன்வாசல் வழியாக வரத் தயக்கமாக இருந்தால், தண்ணீர்க் குழாய் இருக்கும் சந்துப் பக்கக் கதவு திறந்திருக்கும். நாங்கள் இப்போது 33-ஆம் அதிகாரத்தில் இருக்கிறோம்.